கொலஸ்ட்ரால் மாத்திரைக்குப் பதில் இயற்கை சப்ளிமென்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வருகிறது. மருத்துவர் ஸ்டாடின் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்ததுமே மனசு கேட்கிறது: ஆயுள் முழுக்க மாத்திரையா? இயற்கையாக ஏதாவது கிடைக்காதா? அந்தக் கேள்வியில் தப்பே இல்லை, நானும் கேட்டவன்தான். கொலஸ்ட்ரால் பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், படித்தும் பார்த்தும் நான் புரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலில் நேராகச் சொல்லுங்கள். மாத்திரைக்குப் பதிலாக சப்ளிமென்ட் போதுமா?

உங்களுக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்பதைப் பொறுத்தது. நன்றாக வேலை செய்யும் சப்ளிமென்ட்கள் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ராலை 5 முதல் 10 சதவீதம் வரை குறைக்கும். நடுத்தர அளவு ஸ்டாடின் 30 சதவீதத்துக்கு மேல் குறைக்கும், அதிக அளவில் கொடுத்தால் பாதியாகவே இறக்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்டிஎல் 160 (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் 160 மில்லிகிராம்) இருக்கிற ஒருவர் நார்ச்சத்துப் பொடியை ஒழுங்காகச் சாப்பிட்டால் 148 பக்கம் வரலாம். ஸ்டாடின் எடுத்தால் 100 பக்கம் வரலாம். இதய நோய் எதுவும் இல்லாத, ரத்த அழுத்தம் சர்க்கரை எல்லாம் சரியாக இருக்கிற 38 வயதுக்காரருக்கு 148 போதுமானதாக இருக்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 70-க்குக் கீழே, ஐரோப்பிய வழிகாட்டுதல்படி 55-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். அவருக்கு 148 எந்த விதத்திலும் போதாது.

அதனால் எந்த சப்ளிமென்ட் நல்லது என்று தேடுவதற்கு முன்னால் மருத்துவரிடம் இரண்டு விஷயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் எல்டிஎல் எதுவரை இறங்க வேண்டும்? அடுத்த பத்து வருடத்தில் எனக்கு மாரடைப்போ பக்கவாதமோ வர எவ்வளவு வாய்ப்பு? வயது, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சர்க்கரை ஆகியவற்றை வைத்து இரண்டாவதைக் கணிக்க முறைகள் இருக்கின்றன. இந்த இரண்டு எண்ணும் கையில் இருந்தால் கீழே வரும் பதில்களில் எது உங்களுக்கானது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

எல்டிஎல் குறைந்தால் நிஜமாகவே மாரடைப்பு குறைகிறதா, இல்லை காகிதத்தில் எண் மட்டும்தான் குறைகிறதா?

நிஜமாகவே குறைகிறது. 1994-ல் வெளிவந்த 4எஸ் என்ற ஸ்காண்டிநேவிய ஆய்வில் இதய நோய் உள்ள 4,444 பேரில் பாதிப் பேருக்கு சிம்வாஸ்டாடினும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். ஸ்டாடின் எடுத்தவர்களிடம் மரணம் 30 சதவீதம் குறைவாக இருந்தது. அதன் பிறகு 1,70,000 பேரின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது, எல்டிஎல் சுமார் 39 மில்லிகிராம் இறங்கினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவது தெரிந்தது.

சப்ளிமென்ட்களில் பெரும்பாலானவற்றுக்கு இப்படி ஒரு சோதனையே நடக்கவில்லை. எல்டிஎல் இறங்கியதா என்பதோடு நின்றுவிட்டார்கள்.

ஸ்டாடின் ரசாயனம்தானே? இயற்கையானது உடம்புக்கு நல்லதில்லையா?

ஸ்டாடின் வந்த கதை தெரிந்தால் இந்தக் கேள்வியே மாறிவிடும். அகிரா எண்டோ என்ற ஜப்பானிய விஞ்ஞானி, பூஞ்சைகள் தங்களைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களில் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுக்கும் ஒன்று இருக்கும் என்று நம்பினார். ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, 1973-ல் ஒரு நீலப் பச்சைப் பூஞ்சையிலிருந்து காம்பாக்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார். அதுதான் முதல் ஸ்டாடின். 1987-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த லோவாஸ்டாடினும் பூஞ்சையிலிருந்து எடுத்ததுதான்.

நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைத் தயாரிப்பது உடம்பேதான், முக்கியமாகக் கல்லீரல். அந்தத் தயாரிப்பின் ஒரு படியை ஸ்டாடின் தடுக்கிறது. கைவசம் கொலஸ்ட்ரால் குறைந்த கல்லீரல், ரத்தத்தில் ஓடும் எல்டிஎல்-ஐ இழுத்துக்கொள்ளும் ஏற்பிகளைக் கூடுதலாக வெளியே நீட்டுகிறது. ரத்தத்தில் எல்டிஎல் இறங்குகிறது. அந்த ஏற்பிகளைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, இயற்கையா செயற்கையா என்று பார்த்தால் விடை கிடைக்காது. இதில் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்யும், யார் சோதித்துப் பார்த்தார்கள் என்று கேட்டால் கிடைக்கும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியும் மாத்திரை மாதிரியே வேலை செய்யுமாமே?

செய்யும், ஏனென்றால் அதற்குள் இருப்பது மாத்திரையேதான். அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்துச் சிவப்பாக்கி எடுப்பது இது. அதில் உருவாகும் மொனாகோலின் கே என்ற பொருளும் லோவாஸ்டாடின் மாத்திரையும் வேதியியலில் ஒன்றே, ஓர் அணுகூட வித்தியாசம் கிடையாது. ஆகவே ஸ்டாடினின் நன்மை அதில் கிடைக்கும், பக்க விளைவுகளும் கூடவே வரும். ஸ்டாடின் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை விட்டுவிட்டு இதற்குப் போகிறவர்கள் அதே மருந்தைத்தான் மறுபடி எடுக்கிறார்கள். எவ்வளவு எடுக்கிறோம் என்பது மட்டும் தெரியாமல் போய்விடுகிறது.

எனக்கு இதில் பெரிய பிரச்சினையாகப் படுவதே அந்த அளவுதான். அமெரிக்காவில் 28 பிராண்டுகளைச் சோதித்து 2017-ல் வெளியிட்ட ஆய்வில் இரண்டில் மொனாகோலின் கே கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட இல்லை. மீதி 26-ல் மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம். மாத்திரை என்றால் 10 மி.கி. என்று போட்டிருந்தால் உள்ளே 10 மி.கி. இருக்கும். இங்கே பிராண்டை மாற்றினாலே டோஸ் அறுபது மடங்கு ஏறலாம், அல்லது ஒன்றுமே இல்லாமல் போகலாம்.

அடுத்தது கலப்படம். இந்தப் பூஞ்சை சரியாக வளர்க்கப்படாவிட்டால் சிட்ரினின் என்ற நச்சும் சேர்ந்து உருவாகும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எண்டோவின் தேடலில் முதலில் சிக்கியதும் இந்த சிட்ரினின்தான். அதுவும் கொலஸ்ட்ரால் உற்பத்தியைத் தடுத்தது, ஆனால் சிறுநீரகத்துக்கு ஆகாது என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். 2024 மார்ச்சில் ஜப்பானில் ஒரு சிவப்பு ஈஸ்ட் அரிசி சப்ளிமென்ட் சிறுநீரகத்தைப் பாதித்து, நூற்றுக்கணக்கானவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். அங்கே சிக்கியது சிட்ரினின் அல்ல, தயாரிப்பின்போது புகுந்த வேறொரு பூஞ்சை உருவாக்கிய பியூபெருலிக் அமிலம் என்ற நச்சு. ஐரோப்பிய ஒன்றியம் அதற்கு முன்பே, 2022-ல், ஒரு நாள் அளவில் மொனாகோலின்கள் 3 மி.கி.க்குக் குறைவாகவே இருக்க வேண்டும் என்று வரம்பு கட்டியிருந்தது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனாவில் மாரடைப்பு வந்த 4,870 பேருக்கு அளவு நிர்ணயித்த சிவப்பு ஈஸ்ட் அரிசிச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி வரும் மாரடைப்பும் இதய மரணமும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2008-ல் வெளிவந்த நல்ல முடிவு அது. ஆனால் அந்தச் சாறு மருந்து மாதிரியே அளவு கட்டி, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. ஏதோ ஒரு பாட்டிலை வாங்கி நாமாக விழுங்குவதற்கு அந்த முடிவைச் சாட்சியாக வைக்க முடியாது.

பூண்டு, பட்டை, மஞ்சள் காப்ஸ்யூல்கள்?

பூண்டை வைத்து 2007-ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு பொறுமையான சோதனை நடந்தது. எல்டிஎல் ஓரளவு கூடிய 192 பேர். சிலருக்குப் பச்சைப் பூண்டு, சிலருக்கு இரண்டு வகைப் பூண்டு சப்ளிமென்ட்கள், சிலருக்குப் போலி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தக் குழுவிலும் எல்டிஎல்-இல் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

2022-ல் ஸ்போர்ட் என்ற இன்னொரு சோதனை வந்தது. 190 பேரை எட்டுக் குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ரோசுவாஸ்டாடின் 5 மி.கி., ஒரு குழுவுக்குப் போலி, மற்ற ஆறு குழுக்களுக்கும் மீன் எண்ணெய், பட்டை, பூண்டு, மஞ்சள், தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி என்று ஆளுக்கொன்று, 28 நாளுக்குக் கொடுத்தார்கள். ஸ்டாடின் குழுவில் எல்டிஎல் சுமார் 38 சதவீதம் குறைந்தது. போலியைவிடத் தெளிவாக நன்றாக வேலை செய்த சப்ளிமென்ட் ஒன்றுகூட இல்லை. பூண்டுக் குழுவில் எல்டிஎல் கொஞ்சம் ஏறியே இருந்தது.

இந்தச் சோதனைக்குப் பணம் கொடுத்தது ரோசுவாஸ்டாடின் தயாரிக்கும் நிறுவனம். குழுவுக்கு 25 பேர் மாதிரிதான், காலமும் நான்கு வாரம்தான். 5 சதவீதம் மாதிரி சின்ன மாற்றம் இவ்வளவு சிறிய சோதனையில் கண்ணில் படாமல் போக நிறைய வாய்ப்பு உண்டு. அதனால் சப்ளிமென்ட் எல்லாமே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இவற்றில் எதுவும் ஸ்டாடினுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பது இந்தச் சோதனையில் தெளிவாகவே தெரிகிறது.

மஞ்சளைச் சமையலில் சேர்ப்பது வேறு, செறிவாக்கிய காப்ஸ்யூல் வேறு. மிளகுச் சாறு கலந்து உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் காப்ஸ்யூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். செறிவூட்டிய கிரீன் டீ சாற்றுக்கும் இதே எச்சரிக்கை.

அப்படியானால் எதுவுமே வேலை செய்யாதா?

செய்யும். இரண்டு விஷயங்களை நம்பிச் சொல்லலாம்.

ஒன்று, கரையும் நார்ச்சத்து. இசப்கோல் உமி, ஓட்ஸிலும் பார்லியிலும் இருக்கும் பீட்டா குளுக்கான் எல்லாம் இந்த வகை. இவை தண்ணீரில் ஊறிக் கூழ் போல ஆகிக் குடலில் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். பித்த அமிலம் கொலஸ்ட்ராலிலிருந்துதான் உருவாகிறது. போனதை ஈடுகட்ட கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்கிறது, எல்டிஎல் இறங்குகிறது. ஒரு நாளைக்கு 10 கிராம் அளவில் இசப்கோல், அல்லது 3 கிராம் பீட்டா குளுக்கான். பின்னது கிடைக்க 75 கிராம் போல ஓட்ஸ் வேண்டும். பலன் 5 முதல் 10 சதவீதம்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு எல்டிஎல் 158 வந்தபோது வேறு ஆபத்துக் காரணி எதுவும் இல்லாததால் மருத்துவர் மூன்று மாதம் தந்தார். தினமும் இசப்கோலும் ஓட்ஸும் எடுத்தேன், கொழுப்பைக் குறைத்தேன், 141-க்கு வந்தது. என் நிலைமைக்கு அது போதும் என்றார். அது எல்லோருக்கும் பொருந்தும் என்று தயவுசெய்து எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இசப்கோலைத் தொடங்கும்போது 3 கிராம் அளவில் ஆரம்பித்து இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். எடுத்த எடுப்பில் 10 கிராம் சாப்பிட்டால் வயிறு உப்பி, இரண்டே நாளில் வெறுத்துப்போகும். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்களும் குடல் அடைப்பு வந்தவர்களும் தொடவே கூடாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கூழ் அவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, செடிகளில் இயற்கையாகவே இருக்கும் தாவர ஸ்டெரால், ஸ்டெனால். உருவத்தில் கொலஸ்ட்ரால் போலவே இருப்பதால் குடலில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, கொலஸ்ட்ராலை உள்ளே விடாது. 1995-ல் பின்லாந்தில் ஸ்டெனால் சேர்த்த மார்ஜரின் விற்பனைக்கு வந்தது முதல் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு 2 கிராம் என்றால் எல்டிஎல் 8 முதல் 10 சதவீதம் குறையும். சாப்பாட்டோடு எடுத்தால்தான் பலன், வெறும் வயிற்றில் எடுத்து என்ன பயன்? சைட்டோஸ்டெரோலீமியா என்ற அரிய பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது.

மீன் எண்ணெய் காப்ஸ்யூல்?

எல்டிஎல்-ஐக் குறைக்க என்றால் வேண்டாம், சிலருக்கு அது கொஞ்சம் ஏறவும் செய்யும். மீன் எண்ணெய் குறைப்பது ட்ரைகிளிசரைடு என்ற, ரத்தத்தில் இருக்கும் இன்னொரு வகைக் கொழுப்பை. அதுவும் ஒரு நாளைக்கு 4 கிராம் ஒமேகா-3 என்ற மருத்துவ அளவில்தான் 20 முதல் 30 சதவீதம் குறையும், சாதாரண காப்ஸ்யூல் ஒன்றில் அதில் சிறு பகுதிதான் இருக்கிறது. அதிக அளவில் எடுப்பவர்களுக்கு ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பும் கூடுகிறது.

நியாசின் வெறும் விட்டமின்தானே, அதை எடுக்கலாமா?

வேண்டாம். பி3 விட்டமினான நியாசினை அதிக அளவில் கொடுத்தால் எல்டிஎல் இறங்கும், நல்ல கொலஸ்ட்ரால் எச்டிஎல் ஏறும். காகிதத்தில் பார்க்க ரொம்ப அழகாக இருக்கும். 25,673 பேரை வைத்து நடத்தி 2014-ல் வெளியான பெரிய சோதனையில், ஸ்டாடினோடு நியாசினையும் சேர்த்தவர்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை. சர்க்கரை நோய், ரத்தக் கசிவு, தொற்றுகள்தான் கூடின. மெதுவாகக் கரையும் வகை நியாசின் கல்லீரலையும் கெடுக்கக்கூடியது.

எண் நன்றாக மாறினாலே ஆள் நன்றாக இருக்கிறார் என்று சொல்ல முடியாது என்பதை எனக்குப் புரியவைத்தது இந்தச் சோதனைதான்.

பெர்பெரின் பற்றி நிறைய பேர் பேசுகிறார்களே?

மரமஞ்சள் போன்ற செடிகளில் இருக்கும் மஞ்சள் நிறப் பொருள் இது. ஸ்டாடின் வேலை செய்யும் வழி வேறு, இதன் வழி வேறு. கல்லீரலின் எல்டிஎல் ஏற்பிகள் சீக்கிரம் அழிந்துபோகாமல் பார்த்துக்கொள்கிறது. சின்னச் சின்ன சோதனைகளில் எல்டிஎல் 20 மில்லிகிராம் அளவில் குறைந்திருக்கிறது, அதனால் இதை ஒரேயடியாக ஒதுக்க எனக்கு மனமில்லை. ஆனால் மாரடைப்பைத் தடுக்குமா என்று யாரும் பெரிய அளவில் சோதித்ததில்லை. வயிற்றுப்போக்கு, வயிற்று வலி சகஜம். உறுப்பு மாற்று அறுவை செய்தவர்கள் எடுக்கும் சைக்ளோஸ்போரின் உள்பட பல மருந்துகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடுக்கவே கூடாது, குழந்தையின் மஞ்சள் காமாலை மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போகலாம்.

குக்குலு? பாலிகோசனால்?

இரண்டும் ஏமாற்றம். 2003-ல் வந்த அமெரிக்கச் சோதனையில் குக்குலு என்ற மரப்பிசினை எடுத்த 8 வாரத்தில் எல்டிஎல் 4 முதல் 5 சதவீதம் ஏறியது, போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு இறங்கியது. சிலருக்குத் தோலில் தடிப்பும் வந்தது. கரும்பு மெழுகிலிருந்து எடுக்கும் பாலிகோசனால் கியூபா ஆய்வுகளில் பிரமாதமாக இருந்தது, 2006-ல் ஜெர்மனியில் செய்து பார்த்தபோது எந்த அளவிலும் பலன் தெரியவில்லை.

ஸ்டாடின் எடுத்தால் உடம்பெல்லாம் வலிக்கிறது. அதனால்தான் மாற்று தேடுகிறேன்.

உங்கள் வலி உண்மை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அடுத்துச் சொல்வதை "வலி கற்பனை" என்று பலர் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பிரிட்டனில் சாம்சன் என்ற சோதனை நடந்தது. பக்க விளைவு தாங்காமல் ஸ்டாடினை விட்ட 60 பேருக்கு ஒரு வருடத்துக்கு 12 பாட்டில்கள் கொடுத்தார்கள். நான்கில் அடோர்வாஸ்டாடின் 20 மி.கி., நான்கில் போலி மாத்திரை, நான்கு காலி. எது மருந்து எது போலி என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் தங்கள் தொந்தரவுக்கு நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போட வேண்டும். மாத்திரையே எடுக்காத மாதங்களில் சராசரி 8. ஸ்டாடின் மாதங்களில் 16. போலி மாத்திரை மாதங்களில் 15. அதாவது தொந்தரவு நிஜமாக வந்தது, ஆனால் பத்தில் ஒன்பது பங்கு வந்தது மாத்திரை விழுங்குகிறோம் என்ற எதிர்பார்ப்பினால், மருந்தினால் அல்ல. முடிவைக் காட்டிய பிறகு அவர்களில் பாதிப் பேர் ஸ்டாடினுக்குத் திரும்பினார்கள்.

மீதி ஒரு பங்கு மருந்தினாலேயே வருவது. உங்களுக்கு அந்த வகையாகவும் இருக்கலாம். அதற்கும் வழி இருக்கிறது: அளவைக் குறைப்பது, வேறு ஸ்டாடினுக்கு மாறுவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுப்பது. தைராய்டு குறைபாடும் விட்டமின் டி குறைவும் தசை வலியைத் தரும் என்பதால் மருத்துவர் அதையும் பார்ப்பார். ஆனால் தசை வலி கடுமையாகி, சிறுநீர் கருஞ்சிவப்பாகவோ டீ நிறத்திலோ போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மிக அரிதாக வருவது அது, ஆனால் தள்ளிப்போடக் கூடாதது.

வலிக்காகக் கோ-என்சைம் க்யூ10 என்ற சப்ளிமென்ட் எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். சோதனை முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுக்காதவர்களுக்குப் பெரிய கெடுதல் இல்லை.

சர்க்கரை நோய் வரும், கல்லீரல் போய்விடும் என்கிறார்களே?

சர்க்கரை நோய் விஷயம் உண்மை, ஆனால் சின்ன அளவு. 255 பேர் நான்கு வருடம் ஸ்டாடின் எடுத்தால் அவர்களில் ஒருவருக்குக் கூடுதலாகச் சர்க்கரை நோய் வருகிறது என்று 2010-ல் கணக்கிட்டார்கள். அதே 255 பேரில் தடுக்கப்படும் மாரடைப்புகள் அதைவிட அதிகம். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்குத்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. கடுமையான கல்லீரல் பாதிப்பு மிகவும் அரிது.

உணவை மட்டும் மாற்றினால் எவ்வளவு குறையும்?

நினைப்பதைவிட அதிகம், அதைப் பிடிவாதமாகச் செய்கிறவருக்கு. கனடாவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2003-ல் 46 பேரை வைத்து ஒரு சோதனை செய்தது. கரையும் நார்ச்சத்து, தாவர ஸ்டெரால், சோயா புரதம், பாதாம் நான்கையும் சேர்த்து ஒரே உணவுத் திட்டமாகக் கொடுத்தார்கள். நான்கு வாரத்தில் எல்டிஎல் 28.6 சதவீதம் குறைந்தது. லோவாஸ்டாடின் 20 மி.கி. எடுத்த குழுவில் 30.9 சதவீதம்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. ஆனால் அங்கே சாப்பாட்டை அவர்களே தயாரித்துக் கொடுத்தார்கள். பின்னால் 351 பேருக்கு ஆலோசனை மட்டும் சொல்லி வீட்டில் செய்யச் சொன்னபோது ஆறு மாதத்தில் 13 சதவீதம்தான் வந்தது. அதுவும் நல்ல குறைவுதான், நார்ச்சத்தையோ ஸ்டெராலையோ தனியாக எடுப்பதை விட அதிகம். காப்ஸ்யூலுக்குச் செலவழிக்கும் பணத்தையும் கவனத்தையும் இந்தப் பக்கம் திருப்புங்கள் என்றுதான் என்னைக் கேட்டால் சொல்வேன்.

இதோடு நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து அந்த இடத்தில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவற்றில் உள்ள நிறைவுறாக் கொழுப்பைக் கொண்டுவருவதும் சேர வேண்டும். அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று: வடிகட்டாத காபியில் உள்ள கஃபெஸ்டால் எல்டிஎல்-ஐ ஏற்றும். காகித வடிகட்டியில் வடித்தால் அது பெரும்பாலும் போய்விடும்.

மாத்திரையோடு சப்ளிமென்டும் சேர்த்து எடுக்கலாமா?

நார்ச்சத்தும் தாவர ஸ்டெராலும் ஸ்டாடினோடு நன்றாக ஒத்துப்போகும். ஸ்டாடினின் அளவை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். இசப்கோலைச் சேர்த்தாலே கிட்டத்தட்ட அந்தப் பலன் கிடைத்துவிடும். சப்ளிமென்ட்கள் உண்மையில் பயன்படும் இடம் இதுவென்றே நினைக்கிறேன்.

சிவப்பு ஈஸ்ட் அரிசியைச் சேர்ப்பது ஒரே மருந்தை இரண்டு முறை விழுங்குவது, கூடவே கூடாது. மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சிம்வாஸ்டாடினின் அளவைக் குறைத்துவிடும். கிரேப்ஃப்ரூட் சாறு சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் இரண்டின் அளவையும் ஏற்றும். என்னென்ன எடுக்கிறீர்கள் என்று மருத்துவரிடம் ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், பாட்டில்களையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

யார் மாத்திரையை விட்டுவிட்டு சப்ளிமென்டை நம்பவே கூடாது?

மாரடைப்பு, பக்கவாதம், ஸ்டென்ட், பைபாஸ் இதில் எதுவும் நடந்தவர்கள். எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்கள். சர்க்கரை நோயோடு வேறு ஆபத்துக் காரணிகளும் உள்ளவர்கள். பரம்பரைக் கொலஸ்ட்ரால் உள்ள குடும்பத்தார். சுமார் 250 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது. பிறந்தது முதல் எல்டிஎல் அதிகமாகவே இருப்பதால் சின்ன வயதிலேயே மாரடைப்பு வரும். உங்கள் வீட்டில் 50 வயதுக்குள் யாருக்காவது வந்திருந்தால் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்துவிடுங்கள்.

என் அப்பா ஸ்டென்ட் வைத்து நான்கு மாதத்தில் யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூண்டுக் காப்ஸ்யூலுக்கு மாறினார். எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனையில் எல்டிஎல் 68-லிருந்து 149-க்குப் போயிருந்தபோதுதான் தெரிந்தது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காகிதத்தைப் பார்த்த அன்று எனக்குக் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது. இந்தப் பதில்களை எல்லாம் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

எந்த ஸ்டாடினும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் சப்ளிமென்ட் மட்டும்தான் வழியா?

இல்லை. குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சுதலைத் தடுக்கும் எசெடிமைப் இருக்கிறது, எல்டிஎல் 20 சதவீதம் வரை குறையும். பெம்பெடோயிக் அமிலம் என்ற இன்னொரு மாத்திரை தசைக்குள் செயல்படுவதில்லை. ஸ்டாடின் எடுக்க முடியாத 13,970 பேரை வைத்து 2023-ல் வந்த சோதனையில் இதய பாதிப்புகளை 13 சதவீதம் குறைத்தது. பிசிஎஸ்கே9 என்ற புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் எல்டிஎல்-ஐப் பாதிக்கு மேல் இறக்கும், இன்க்ளிசிரான் ஊசி ஆரம்ப டோஸ்களுக்குப் பிறகு வருடத்துக்கு இரண்டு முறைதான்.

கர்ப்பமாக இருக்கிறேன். மாத்திரைக்குப் பதில் இயற்கையாக எடுக்கலாமா?

பெர்பெரின், சிவப்பு ஈஸ்ட் அரிசி இரண்டும் கூடாது. ஸ்டாடினை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மருத்துவர் சொல்லட்டும், கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே கேட்டுவிடுவது நல்லது.

ஏற்கெனவே மாத்திரையை நிறுத்திவிட்டு சப்ளிமென்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது என்ன செய்வது?

யாரும் உங்களைத் திட்ட மாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஸ்டாடினை நிறுத்திய சில வாரங்களிலேயே எல்டிஎல் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், உடம்பில் எந்த அறிகுறியும் காட்டாமல். மேலே சொன்ன ஆபத்துப் பட்டியலில் நீங்கள் இருந்தால் இந்த வாரமே போங்கள், பரிசோதனை முடிவுக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

அந்தப் பட்டியலில் இல்லை என்றால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்து எல்டிஎல் எவ்வளவு என்று பாருங்கள். மருத்துவர் அனுமதித்தால் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு வாரம் விடாமல் செய்து, அதே ஆய்வகத்தில் மறுபடி பாருங்கள். நான்கைந்தை ஒன்றாகத் தொடங்கினால் எது வேலை செய்தது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. முதல் பரிசோதனைக்கு முன்பே மருத்துவரோடு ஒரு எண்ணை முடிவு செய்து மறுபரிசோதனைத் தேதியோடு எழுதி வையுங்கள்: அன்றைக்கு எல்டிஎல் இதற்கு மேல் இருந்தால் மாத்திரையைத் தொடங்குகிறேன் என்று.